இறங்காத பேட்டரி

சமையலறைப் பெட்டியிலிருந்து கழற்றிய பேட்டரிகளை டார்ச்சில் போட்டு நாகவல்லி பொத்தானைத் தள்ளினாள். மூலை இருட்டில் விழுந்த வட்டம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். ஆயுத பூஜையன்று போட்ட பேட்டரிகள். கார்த்திகை தீபமும் முடிந்துவிட்டது. தினமும் விளக்கேற்றும் நேரத்தில் முடுக்கினால், தேவராஜ் இரண்டாவது ஷிப்ட் முடிந்து பாடித் தொழிற்சாலையிலிருந்து வந்து சேரும்வரை அந்தப் பெட்டி ஓடுகிறது. இந்நேரம் அவை அடியில் கசிந்து உப்புப் பூத்திருக்க வேண்டும். டார்ச்சில் போட்டால் அணையப் போகும் திரி மாதிரி ஒரு சிவப்பு மட்டும் தெரிய வேண்டும். ஒரு பேட்டரியை வெளியே எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். துரு வாசனை இல்லை. பால் வாசனை அடித்தது.

தன் கையில்தான் இருக்கும் என்று விரல்களைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி முகர்ந்தாள். அதே வாசனை.

“டார்ச்ச வெச்சிகினு செவுத்த இன்னா பாத்துகினு கீற?” என்று தேவராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். பகல் சாப்பாட்டை முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிற நேரம்.

பேட்டரி இறங்கவில்லை என்றாள்.

“எறங்கலன்னா லாபந்தானே நாகு. கடைக்காரன் அழட்டும், நீ ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற?”

அவள் பேட்டரிகளைத் திரும்பப் பெட்டிக்குள் பொருத்தினாள். விரலில் அவை வெதுவெதுப்பாக இருந்தன. ஓடாத பெட்டியில் இருந்தவை.

அந்தப் பெட்டியைச் செய்தவள் அவள்தான். பட்டாபிராமில் ரயில் பாதையை ஒட்டி அவர்கள் குடியிருந்த வீட்டில் ஒரு முன்னறை, அடுத்து ஓர் உள்ளறை, பிறகு கூரையில்லாத முற்றம், முற்றத்துக்கு அப்பால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சமையலறை. எட்டு மாதக் குழந்தை புஷ்பாவுக்கு இளைப்பு. மண்ணெண்ணெய்ப் புகை அவள் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே தூளி உள்ளறையில், பம்பு ஸ்டவ் முற்றத்துக்கு அந்தப் பக்கம். ஸ்டவ் எரியும்போது வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடக் கேட்காது. குழந்தையின் மூச்சு எங்கே கேட்கும்?

கல்யாணமான பிறகும், வயிற்றில் ஏழு மாதம் ஆகும்வரை, நாகவல்லி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆம்ப்ளிஃபயர் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் சோதனை மேசையில் வேலை பார்த்தாள். பி.எஸ்சி. பௌதிகம் படித்தவள். கல்லூரியில் விடை தெரிந்தாலும் கை தூக்காதவள். பட்டறையில் பேச வேண்டிய அவசியம் இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. போர்டு ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் நடுவில் இருக்கும் காலை, பேஸ் என்று சொல்வதை, விரல் நுனியால் தொட வேண்டும். சுவர்களுக்குள் ஓடும் கரண்டில் துளி நம் உடம்பிலும் ஏறியிருக்கும். தொட்டதும் அது ஸ்பீக்கரில் உம்மென்று பெரிதாக வரும். வந்தால் போர்டுக்கு உயிர் இருக்கிறது. வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் வேலை.

அளவில் தேறாத டிரான்சிஸ்டர்களின் தலையில் சிவப்புப் பெயிண்டால் பொட்டு வைத்துக் கழித்துவிடுவார்கள். யாரும் தொடாதபோதும் உள்ளுக்குள் கரண்ட் ஒழுகுகிற டிரான்சிஸ்டர்கள் அவை. வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நாகவல்லியிடம் அப்படி ஒரு தீப்பெட்டி நிறைய இருந்தது. தூளிக்கு மேலே பழைய ஹெட்போனின் தகடு ஒன்றை மைக்காகக் கட்டி, அதிலிருந்து இரட்டை ஒயரைத் துணிக்கொடியோடு முற்றத்தைத் தாண்ட வைத்து, சமையலறை அலமாரியில் ஒரு பிஸ்கெட் டப்பாவுக்குள் மூன்று டிரான்சிஸ்டர்களைப் பொருத்தி, பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரை நிறுத்தினாள். பேட்டரி மாட்டியாயிற்று. தொட்டுப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அவள் தொடவில்லை. வீட்டுக்கென்று செய்கிற முதல் செட்டைச் செய்தவர்கள் முதலில் தொடுவதில்லை. பட்டறைப் பெண்கள் எல்லாரும் கடைப்பிடித்த வழக்கம் அது. குழந்தையைப் பார்க்கப் பூந்தமல்லியிலிருந்து வந்த பக்கத்து மேசை லத்தீஃபா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“மொத சத்தம் கொழந்த கையால வரணும் அக்கா. பெரியவங்க கை பட்டா பொட்டி சீக்கிரமே படுத்துக்கும்.”

நாகவல்லிக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஆயுத பூஜை, டப்பாவில் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று, தேவராஜின் இடுப்பில் குழந்தை எச்சில் ஒழுகச் சிரித்துக்கொண்டிருந்தது. ஆறு வோல்ட் யாரையும் ஒன்றும் செய்யாது. வாயிலிருந்து அப்போதுதான் எடுத்த ஈர விரலைப் பிடித்து முதல் டிரான்சிஸ்டரின் நடுக்காலில் வைத்தாள்.

உம்மென்று வந்தது. குழந்தை சிரித்தது. விரலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அது நிற்கவில்லை. கண்டென்சரில் தேங்கிய கரண்ட் வடிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“கைய எடுத்தப்பறமும் பேசுது பாரு,” என்றான் தேவராஜ். “உன்னாட்டம் இல்ல.”

அன்று ராத்திரி, இத்துணூண்டு சத்தம் எப்படி அவ்வளவு பெரிசாகிறது என்று அவன் கேட்டான். அவனுக்கு லேத்து தெரியும், இது தெரியாது. அவள் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினாள். சின்னது பெரிசாவதே இல்லை என்றாள். டிரான்சிஸ்டர் ஒரு குழாய் மாதிரி. பேஸ் என்பது குழாயின் திருகு. அதில் விரல் வைக்கக் கொஞ்சம் பலம் போதும். திருகு ஒரு மயிரிழை நகர்ந்தால் மற்ற இரண்டு கால்களுக்கிடையில், கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு, பெரிய ஓட்டம் பாயும். திருகு ஆடுகிற மாதிரியே ஓட்டமும் ஆடும். அதைத்தான் பெரிய சத்தமாகக் கேட்கிறோம்.

அவன் கொஞ்சம் யோசித்தான். “அப்போ கொழந்த சத்தம் பெருசாவல. கொழந்த கொழாயத் தொறக்குது. வர்றது தொட்டித் தண்ணி.”

“ஆமாங்க.”

“தொட்டி காலியாவுமே?”

“ஆகும். அதான் பேட்டரி மாத்தணும்.”

அவ்வளவு சுலபமாக அவன் புரிந்துகொண்டதில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

தீபாவளிக்கு அந்தப் பெட்டிதான் குழந்தையைக் காப்பாற்றியது. தெருவெல்லாம் வெடிப்புகை. அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெய்ச் சட்டி முன் உட்கார்ந்திருந்தாள். ஸ்டவ்வின் இரைச்சலையும் வெடிகளையும் தாண்டி, ஸ்பீக்கரில் ஒரு மூச்சு விசிலடித்தது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. ஆவி பிடித்து, முதுகு நீவி, மருந்து கொடுத்து, நிமிர்த்திப் பிடித்தபடி விடியவிடிய உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு, தேவராஜ் வீட்டில் இல்லாதபோது, பெட்டியை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கக்கூட அவளுக்குத் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் குழந்தை மெலிய ஆரம்பித்தது.

முதலில் காப்பு தளர்ந்தது. பிறகு அரைஞாண் கயிறு இறங்கியது. சுகாதார நிலையத்துத் தராசில் முள் ஒவ்வொரு முறையும் முந்தைய முறை நின்ற இடத்துக்கு வராமலே நின்றது. நர்ஸ் கஞ்சி கொடுக்கச் சொன்னாள், பூச்சி மருந்து எழுதினாள், தாயைப் பார்த்து நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். குழந்தைக்கு ஜுரம் இல்லை. கழிச்சல் இல்லை. இளைப்புகூடக் குறைந்திருந்தது. மார்பில் காதை வைத்தால் அந்த விசில் சத்தம் ஏறக்குறைய கேட்கவில்லை. எதுவுமே அதிகமாகக் கேட்கவில்லை. அழுகை சிறுத்துப் போயிருந்தது. தூளிக்குப் பக்கத்தில் நின்றால், அடுத்த வீட்டில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற மாதிரி இருந்தது.

சமையலறையில் அப்படி இல்லை. அங்கே அலமாரியிலிருந்து முழுத் தொண்டையில் அழுகை வந்தது. பெட்டியின் சத்தக் குமிழைத் திருகிக் குறைத்து வைத்தாள். மறுநாள் இன்னும் குறைத்தாள்.

பக்கத்து வீட்டுத் தாயம்மாள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வருவாள். நேற்றுத் தூக்கியவள் ஒன்றும் கொஞ்சவில்லை. எடை பார்ப்பவள் மாதிரி கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

“யாரு கண்ணு பட்டுச்சோ. தூக்கினா கையில ஒண்ணும் இல்லாத மாரி கீது நாகு.” பிறகு, சிரிக்க வைப்பதற்காகத்தான், சொன்னாள். “உன் அடுப்பங்கரைப் பொட்டியில ஒண்ணு அழுவுதே, அது நல்லா கொழுகொழுன்னு கீது.”

நாகவல்லி சிரிக்கவில்லை. மாலையில் அவள் ஸ்டவ்வைப் பற்றவைக்காமல் அலமாரிக்கு முன்னால் நின்று கேட்டாள். தாயம்மாள் சொன்னது சரி. ஹெட்போன் தகடு தகரம் மாதிரி மெல்லியது. அதற்குக் கீழ்ஸ்தாயி கிடையாது. எந்தக் குரலையும் மூக்கால் பேசுகிற மாதிரிதான் அது கொடுக்க முடியும். ஸ்பீக்கரில் வந்த மூச்சுக்கு நெஞ்சு இருந்தது. நெஞ்சுக்குள் சளி நகர்ந்தது. எச்சில் விழுங்கியது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுப் பிரிவதுகூடத் தனியாகக் கேட்டது. நன்றாகத் தின்று நன்றாக வளர்கிற ஒரு குழந்தை ஸ்பீக்கரின் துணிக்குப் பின்னால் படுத்திருந்தது.

அதனால்தான் இன்று பேட்டரியைக் கழற்றி டார்ச்சில் போட்டுப் பார்த்தாள்.

தேவராஜ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும்போது, பெட்டியை அவர் கையாலேயே உடைத்துப் போடச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஏன் என்று கேட்பார். பேட்டரி இறங்கவில்லை என்பது ஒரு காரணமா? குழந்தைக்கு மறுபடி மூச்சு முட்டினால் எப்படித் தெரியும் என்று கேட்பார். அவள் தலையசைத்து வழியனுப்பினாள்.

பிற்பகலில் மேற்கே கறுத்தது. ராணுவக் கிடங்குக்குப் பிரியும் ரயில் பாதையில் வேகன்களை இடித்து இடித்துக் கோக்கிற சத்தம் ஈரக் காற்றில் மிக அருகில் கேட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. தெரு முழுக்க, ஸ்டேஷன் பக்கம்கூட, ஒரு வெளிச்சம் இல்லை. தாயம்மாள் மகள் வீட்டுக்கு ஆவடிக்குப் போயிருந்தாள். நாகவல்லி அரிக்கேன் விளக்கை ஏற்றித் தூளிக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு இளைப்பு வரும். ஆவிக்கு வெந்நீர் வைத்துவிட வேண்டும். புடவைத் தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டு முற்றத்தைக் கடந்து, சிம்னி விளக்கை ஏற்றி, பெட்டியை முடுக்கி, ஸ்டவ்வுக்குக் காற்றடித்தாள்.

பம்பு ஸ்டவ் நீலமாகச் சீறியது. ஆஸ்பெஸ்டாஸில் மழை சரளைக்கல்லாகக் கொட்டியது. கொடியில் கிடந்த ஒயரிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஜன்னல் வழியே அலமாரிக்கு வந்துகொண்டிருந்தது, அவள் ஒரு துணியால் அதை ஒற்றிவிட்டாள். மண்ணெண்ணெய், ஈரச் சுவர், நேற்றைய புளிக்குழம்பு எல்லாவற்றுக்கும் அடியில் மறுபடியும் அந்தப் பால் வாசனை வந்தது. அவள் பாத்திரத்தில் நீர் முகந்து வைத்தாள். ஸ்பீக்கரில் மூச்சு சீராக ஏறி இறங்கியது. இன்றைக்கு இளைப்பு இல்லை என்று நிம்மதிப்பட்டாள்.

மூச்சு நின்றது.

அவள் அசையாமல் கேட்டாள். பிறகு ஸ்பீக்கரில் ஒரு கொட்டாவி வந்தது. சோம்பல் முறிக்கிற ஒரு முனகல். அழுகை தொடங்கியது. பசித்த அழுகை, கோப அழுகை, அறை முழுவதையும் நிறைக்கிற அழுகை. சிம்னிக் கண்ணாடி அதிர்ந்தது.

அவள் முற்றத்தை ஓடிக் கடந்தாள். உள்ளறை வாசலில் நின்றாள். குழந்தை விழித்திருந்தது. தூளியின் துணிக்குள்ளிருந்து கைகளை ஆட்டிக்கொண்டு அவளைப் பார்த்தது. வாய் திறந்திருந்தது. அழுகை கேட்கவில்லை. மழைச் சத்தம் என்று நினைத்தாள். இந்த மழையில் எது கேட்கும்? தூளியை ஆட்டிவிட்டாள். குழந்தை வாயை மூடிக் கண்ணை மூடிக்கொண்டது. ஸ்டவ்வைத் தனியே எரியவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்ப ஓடினாள்.

சமையலறையில் அழுகை நிற்கவில்லை.

அவள் ஸ்டவ்வின் திருகைத் திறந்து காற்றைப் பிடுங்கிவிட்டாள். சீறல் அடங்கியது. இப்போது மழையும் அழுகையும் மட்டும். அங்கே குழந்தை வாயை மூடியிருக்கிறது. இங்கே அழுகிறது.

சரி. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பட்டறை மேசைக்கு வந்த போர்டு இது, கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வேலையைச் சொன்னால் விரல்கள் கேட்கும்.

குமிழைக் கடைசிவரை குறைத்தாள். அழுகை குறையவில்லை.

ஒயர் ஈரமாகியிருக்கிறது, எங்கேயாவது ஒட்டியிருக்கும். தூளியிலிருந்து வரும் இரட்டை ஒயரை டப்பாவின் முனைகளிலிருந்து பிடுங்கினாள். இரண்டு செம்பு நுனிகளும் அவள் கையில் வந்தன. இனி அந்த அறைக்கும் இந்தப் பெட்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உள்ளே போவதற்கு ஒன்றும் இல்லை. வெறும் இரைச்சல்தான் வர வேண்டும்.

அழுகை வந்தது.

டப்பாவின் மூடியைத் திறந்தாள். சிம்னி விளக்கை அருகில் நகர்த்தினாள். மூன்று டிரான்சிஸ்டர்கள், தலையில் சிவப்புப் பொட்டுடன். ஈயப் பற்றுகள் பளபளத்தன. எதுவும் கருகவில்லை. எதுவும் விட்டுப்போகவில்லை. அவள் செய்த வேலை, சுத்தமாக இருந்தது. ஆள்காட்டி விரலை முதல் டிரான்சிஸ்டரின் நடுக்காலில் வைத்தாள். கரண்ட் இல்லாத ஊரில் உம்மென்று வராது. ஆனால் தொடுகிற அந்த நொடியில் ஒரு டக்கென்ற சத்தமாவது வந்தே ஆக வேண்டும்.

ஒன்றும் வரவில்லை. எடுத்தாள். வைத்தாள். ஈரப்படுத்திக்கொண்டு வைத்தாள். அவள் விரல் அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அது வேறொரு விரலுக்குத் திறந்தது. அந்த விரலை வைத்தவள் அவள்தான்.

அழுகை கொஞ்சம் தணிந்து விம்மலாயிற்று. காத்துக்கொண்டிருக்கிற விம்மல்.

பேட்டரிகளைப் பிடுங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஜுரக்காரனின் நெற்றி மாதிரி சுட்டன.

ஸ்பீக்கர் மூச்சு விட்டது.

அவள் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எத்தனை சிவப்புப் பொட்டு இருந்தாலும், எவ்வளவு ஒழுகினாலும், டிரான்சிஸ்டர் தானாக எதையும் உண்டாக்காது. வருவது எங்கிருந்தோதான் வர வேண்டும். பேட்டரியிலிருந்து வரவில்லை. இன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்குமே வரவில்லை. ஒரு துளிகூட அது இறங்கவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் தொட்டி எது? எது இறங்கிக்கொண்டிருந்தது?

பேட்டரிகள் கையிலிருந்து விழுந்து உருண்டன.

முற்றம். மழை. வழுக்கியது. முழங்காலில் விழுந்து எழுந்தாள். உள்ளறை. அரிக்கேன்.

குழந்தை அழுதுகொண்டிருந்தது.

முகம் சிவந்திருந்தது. கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. ஈறு தெரிய, உள்நாக்குத் தெரிய, வாய் முழுவதும் திறந்திருந்தது. கால்கள் துணியை உதைத்தன. துணி சரசரத்தது. தூளிக் கயிறு கொக்கியில் கிறீச்சிட்டது. அந்தச் சின்னச் சத்தங்கள் எல்லாம் மழையைத் தாண்டி நன்றாகக் கேட்டன. குழந்தையிடமிருந்து எதுவும் வரவில்லை.

“பாப்பா,” என்றாள். “புஷ்பா. அழு. சத்தமா அழும்மா.”

குழந்தை அழுதது. சத்தம் முற்றத்துக்கு அப்பாலிருந்து வந்தது.

தூக்கினாள். கை சட்டென்று மேலே போயிற்று. அவள் எடுத்த பலத்துக்கு அங்கே கனம் இல்லை. சட்டையை விலக்கி மார்பில் காதை வைத்தாள். தோல் சூடாக இருந்தது. விலா எலும்புகள் ஏறி இறங்கின. உள்ளே காற்று போகிற ஒலி இல்லை. விசில் இல்லை. அவள் இன்னும் அழுத்தி வைத்துக் கேட்டாள். இதயம் அடிக்கிற சத்தம் இல்லை. காதை எடுத்துவிட்டுக் கையை வைத்தாள். உள்ளங்கையின் கீழ் அது அடித்தது. பலமில்லாமல், வேகமாக, பயந்து அடித்தது. மறுபடி காதை வைத்தாள். ஒன்றும் இல்லை.

சமையலறையில் கேட்டது.

டப். டப். டப். டப்.

மழையை விடப் பெரிதாகக் கேட்டது. தரையில் நிற்கும் அவள் பாதத்தில் வந்து அடித்தது. அலமாரியின் தட்டுகள் அதற்குக் கூடவே கலகலத்தன. கையின் கீழ் ஒரு துடிப்பு, அங்கே ஒரு சத்தம். ஒன்றுக்கொன்று மாறாமல்.

உடைத்துவிட வேண்டும். அம்மிக் குழவியைத் தூக்கி அந்த டப்பாவின் மேல் போட்டுவிட வேண்டும். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். மழை கண்ணை மறைத்தது. இரண்டடி வைத்தவள் நின்றாள்.

உடைத்தால் எது நிற்கும்?

அந்தச் சத்தம் நின்றால், கையின் கீழ் இது?

குழாயை மூடலாம். திருகு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மூடலாம். எல்லாத் திருகையும் மூடியாயிற்று. குமிழ், ஒயர், பேட்டரி. அவள் படித்ததில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தெருவுக்கு ஓடலாம். டாக்டரிடம் போகலாம். தூரம் போனால் விட்டுவிடுமா? குழந்தையை அணைத்துக்கொண்டு திரும்பி வாசல் பக்கம் நடந்தாள். ஓர் அடி. இன்னோர் அடி. மூன்றாவது அடியில் தோளில் கிடந்த தலை தொங்கியது. உள்ளங்கையின் கீழ் துடிப்பு தடுக்கியது. ஒன்று விட்டு ஒன்று. சமையலறையில் சத்தம் குறையவே இல்லை.

பின்னால் வந்தாள். துடிப்பு சீரானது.

இன்னும் ஓர் அடி பின்னால். குழந்தை தலையைத் தூக்கியது.

அவள் முற்றத்தின் நடுவில் நின்றாள். அதற்கு மேல் எந்தப் பக்கமும் போக முடியவில்லை. மழை இருவரையும் நனைத்தது. சமையலறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சிம்னி எரிந்தது. அலமாரியின் ஓரம் தெரிந்தது. டப்பா தெரியவில்லை.

அழுகை நின்றது. அங்கே யாரோ உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்கள்.

“ம்மா,” என்றது.

எட்டு மாதமாக அவளும் தேவராஜும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுத்தும் புஷ்பாவுக்கு வராத சொல். தோளில் இருந்த குழந்தையின் உதடுகள் அவள் கழுத்தில் ஒருமுறை குவிந்து பிரிந்ததை உணர்ந்தாள். அங்கே காற்றுகூட இல்லை.

“அம்மா.”

இந்த முறை தெளிவாக, பெரிதாக, வாங்கிய எல்லாவற்றையும் சேர்த்து வைத்த குரலில்.

நாகவல்லியின் மார்பு கட்டியது. பசித்த குழந்தையின் குரல் கேட்டதும் எப்போதும் கட்டுகிற மாதிரி, அவளைக் கேட்காமல். ரவிக்கை நனைந்தது. மழை குளிர்ந்திருந்தது. இது சூடாக இருந்தது. நிற்காமல் சுரந்தது. தோளில் கிடந்த குழந்தை அதற்குத் திரும்பவில்லை. முகத்தைச் சமையலறைக்குக் காட்டி, ஓசையில்லாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பால் அவள் வயிற்றில் வழிந்தது.

“அம்மா,” என்று அது கூப்பிட்டது. “தூக்கு.”

அவள் கால் ஒன்று சமையலறைப் பக்கம் நகர்ந்தது.